அத்தையின் கையும் ஞாயிற்றுக்கிழமை மாத்திரையும்

ஊரடங்கு வந்தபோது என் அத்தை பொத்தேரியிலிருந்து ஒரு கிரைண்டரோடு வந்து இறங்கினாள். அதற்கு முந்தின வாரம்தான் நான் அதே பொத்தேரியிலிருந்து ஒரு லேப்டாப்போடு வந்து இறங்கியிருந்தேன். இரண்டில் எது வீட்டுக்கு உபயோகம் என்பதில் அப்பாவுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. கிரைண்டருக்குக் கூடத்தில், ஃபேனுக்கு நேர் கீழே இடம் கொடுத்தார். என்னை மாடிப்படிக்கு அடியில் உட்காரச் சொன்னார்.

நான் அங்கே இன்ஜினியரிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, அதே கல்லூரிக்குப் பின்புறம் ஒரு மெஸ்ஸில் சமையல் செய்தாள். ஹாஸ்டல்கள் காலியானதும் மெஸ் மூடியது. எலி ஒயரைக் கடித்துவிடும், நீயே கொண்டுபோய் வைத்துக்கொள் என்று முதலாளி கிரைண்டரை ஒரு குட்டியானையில் ஏற்றி அனுப்பிவிட்டார். எங்கள் வீடு கல்பாக்கத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், கடற்கரைச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. மதுராந்தகத்தில் மாமா வீட்டு விசேஷத்துக்குப் போன அம்மா அங்கேயே மாட்டிக்கொண்டாள். ஆக வீட்டில் நாங்கள் மூன்று பேர், கிரைண்டரையும் சேர்த்தால் நாலு.

அப்பா அணுபுரத்தில், கல்பாக்கம் அணுசக்தி நிலையத்துக்காரர்கள் குடியிருப்பில் பிளம்பர். ஊரே அடைந்து கிடந்தாலும் குழாய் ஒழுகத்தான் செய்யும் என்பதால் அவருக்கு மட்டும் உள்ளே போய்வரப் பாஸ் இருந்தது. ஒருநாள் குழாய் மாற்றப் போன இடத்தில் ஒரு வீட்டம்மா, ‘இட்லி சாப்பிட்டு எத்தனை நாளாச்சு’ என்று பெருமூச்சு விட்டிருக்கிறார். மறுநாள் அப்பா பைப் ரெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு தூக்குவாளியில் அத்தையின் மாவைக் கொண்டுபோனார். அதற்கடுத்த வாரம் தூக்குவாளி போதவில்லை. வண்டியின் இரண்டு பக்கமும் பெரிய டப்பாக்கள் தொங்கின. குழாய் ஒழுகாத வீட்டிலிருந்தும் பிளம்பருக்கு அழைப்பு வரத் தொடங்கியது.

மெஸ்ஸில் அத்தைக்குப் பெயர் ‘சமையக்காரம்மா’. உப்பு கூடினால் அவள் தப்பு, சாம்பார் நன்றாக இருந்தால் முதலாளி கைராசி. அணுபுரத்தில் அவள் ‘மாவு அக்கா’. ‘மாவு அக்காகிட்ட சொல்லிடுங்க, நாளைக்கு எங்க மாமியார் வர்றாங்க’ என்று யாரோ ஒரு விஞ்ஞானியின் மனைவி போனில் கெஞ்சும்போது அத்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும். போனை வைத்துவிட்டுச் சும்மா இருக்கும் கிரைண்டரை ஒரு தடவை துடைப்பாள்.

இந்தச் சந்தோஷத்துக்கு நடுவில்தான் டாக்டரம்மாவின் போன் வந்தது.

அத்தைக்குச் சின்ன வயதிலிருந்து சொரியாசிஸ். தோலில் திட்டுத் திட்டாக எழும்பி, வெள்ளைச் செதில் செதிலாக உதிரும். யாருக்கும் தொற்றாது. செங்கல்பட்டில் இந்தத் தோல் டாக்டரம்மா கொடுத்த மாத்திரையில் அது முழங்கை முட்டிக்கு மேலே ஒரு வடை அளவுக்குச் சுருங்கி, வருஷக் கணக்கில் அங்கேயே குடியிருந்தது. அந்த மாத்திரை வாரத்துக்கு ஒரே நாள்தான். தினமும் போட்டால் ஆளையே சாய்த்துவிடும் என்று டாக்டர் பயமுறுத்தி வைத்திருந்ததால், நாள் மறக்காமல் இருக்க அத்தை அதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டாள். சர்ச் விட்டு வந்ததும் மாத்திரை, அப்புறம் கறிக்குழம்பு.

“அம்மா, இந்த மாத்திரை உடம்போட எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் அடக்கித்தான் வேலை செய்யுது. இப்ப இருக்கிற நிலைமையில அது வேணாம்னு நினைக்கிறேன்” என்றார் டாக்டர். போன் ஸ்பீக்கரில் இருந்தது. “மாசா மாசம் ரத்தம் டெஸ்ட் எடுக்கணும், அதுக்கும் இப்ப லேப் வரை வர முடியாது. கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைப்போம். பூசறதுக்குக் களிம்பு எழுதி அனுப்பறேன்.”

“நிறுத்தினா திரும்பிக்கும் டாக்டரம்மா.”

“கொஞ்சம் கூடலாம். களிம்புல சமாளிப்போம். முதல்ல உயிர், அப்புறம் தோல். சரியா?”

அத்தை சரி என்றாள். போனை வைத்ததும் என்னைப் பார்த்தாள். “சர்ச்சையும் மூடிட்டாங்க, மாத்திரையையும் மூடிட்டாங்க. ஞாயித்துக்கெயமைக்குன்னு இன்னாதான்டி மிச்சம் கீது?”

“கறிக்குழம்பு கீதே அத்தை.”

“கறிக்கடையும் மூடிதான் கீது. போவியா.”

களிம்பு வாங்கத் தெருமுனை மெடிக்கலுக்குப் போனேன். மெடிக்கல்கார அண்ணன் கடைக்குக் குறுக்கே கயிறு கட்டி, கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். என் போனில் இருந்த மருந்துச் சீட்டை எட்டிப் பார்த்துப் பூரித்துப்போனார்.

“பாத்தியாம்மா, டைப் அடிச்சி வருது. இத்தினி வருசமா டாக்டருங்க கையெயுத்த படிச்சி படிச்சி என் கண்ணு பூத்துப்போச்சி. கொரோனா செஞ்ச ஒரே நல்ல காரியம் இதான்.”

“வியாபாரம் எப்படிண்ணா?”

“இன்னா வியாபாரம்? தோலு வியாபாரம்தான். சானிடைசர் போட்டு போட்டு அல்லாருக்கும் கை வெடிச்சிகினு கீது. மாஸ்க் போட்டு மூக்கு புண்ணு. ஆஸ்பத்திரிக்கு போவ பயம். இங்க வந்து, ‘அண்ணாத்த, பக்கத்து வூட்டுக்காரருக்கு எயுதிக்குட்த்த அந்த டியூப்பு குடு’ன்றாங்க. பக்கத்து வூட்டுக்காரருக்கு இன்னா நோவு, உனுக்கு இன்னா நோவுன்னு கேட்டா கோச்சிக்கிறாங்க. சீட்டு இல்லாம குடுக்க மாட்டேன்னா, ‘நீ இன்னா பெரிய டாக்டரா’ன்றான். குட்த்தா மட்டும் நான் டாக்டரு இல்லியா?”

களிம்பு வந்தது. பிசுபிசுவென்று வெண்ணெய் மாதிரி, முட்டியில் பூசினால் வேர்வையோடு விரல்வரை வழிந்தது. இங்கேதான் பேஜாரு ஆரம்பித்தது.

அரைத்த மாவில் உப்பைப் போட்டுக் கையை விட்டு, அடியிலிருந்து புரட்டிப் புரட்டிக் கலக்க வேண்டும். கரண்டி ஆகாது. கைச்சூடு பட்டால்தான் மாவு பொங்கும் என்பது அத்தையின் சமையல் சாஸ்திரம், ஏன், இந்த மாவட்டத்தின் சாஸ்திரம். நான் பாக்டீரியா பற்றி அவளுக்கு ஒரு சின்ன வகுப்பு எடுத்தேன். அதெல்லாம் உளுந்திலேயே இருக்கிறது, கையில் இல்லை என்றேன். கிளவுஸ் போட்டுக்கொள்ளச் சொல்லி ஒரு பெட்டி வரவழைத்தேன். அத்தை முணுமுணுத்துக்கொண்டே போட்டாள். மறுநாள் அணுபுரத்திலிருந்து கோயம்புத்தூர்க்கார அம்மா ஒருவர் போன் செய்தார்.

“ஏனுங்க அக்கா, மாவு பொங்கவே இல்லீங்களே. இட்லி வட்டுக் கருப்பட்டியாட்டம் இருக்குதுங்க.”

அத்தை போனை என் காதில் வைத்தாள். “உன் பாட்டீரியாகிட்ட கேக்க சொல்லு.”

விசாரணை வைத்தேன். கிளவுஸ் சுத்தமாக இருக்கட்டும் என்று அப்பா அதன் மேல் சானிடைசரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தது தெரிந்தது. பாக்டீரியாவை நிரபராதி என்று நிரூபிப்பதற்குள் கிளவுஸ் பெட்டி குப்பைக்குப் போய்விட்டது. போதாததற்கு, களிம்பு பூசிய கையை இறுக்கி மூடினால் மருந்து அளவுக்கு மீறி உள்ளே இறங்கும், அதைச் செய்யவே கூடாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆக வழி ஒன்றுதான். மாவு கலக்கி முடித்த பிறகு களிம்பு. அடுத்த மாவுக்கு முன் சோப்பு போட்டுக் கழுவல். களிம்பு கையில் இருந்த நேரத்தைவிட வாஷ்பேசினில் போன நேரம் அதிகம்.

திட்டு நகர ஆரம்பித்தது. முட்டியில் வடையாக இருந்தது அடையாகி, முன்னங்கையில் ஊத்தப்பமாகி இறங்கியது. ஒரு காலையில் அத்தை அப்பாவையும் என்னையும் கூப்பிட்டு நிற்கவைத்து, மணிக்கட்டில் துருத்தும் எலும்பின் மேல் விரலை வைத்தாள்.

“இங்கேருந்து கீய மாவுல முங்கற கை. இந்த எலும்பு வரிக்கும் வந்துச்சின்னா அன்னிக்கே கிரைண்டர தொடச்சி துணி போட்டு மூடிருவேன். எவுரும் வந்து சொல்ற வரிக்கும் வெச்சிக்க மாட்டேன்.”

“அது தொத்தாது அத்தை” என்றேன்.

“தொத்தாதுன்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், டாக்டரம்மாவுக்குத் தெரியும். வாங்கித் துன்றவங்களுக்கு? ஒர்த்தன் தும்முனா தெருவையே தகரம் வெச்சி அடைக்கிற காலம்டி இது. செதிலு ஒண்ணு மாவுல வுயுந்துச்சின்னா நானே துன்ன மாட்டேன்.”

அதிலிருந்து தினமும் காலையில் அப்பா அத்தையின் கையைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். மாலையில் அம்மா போனில் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான். மழைக்காலத்தில் மதுராந்தகம் ஏரியில் தண்ணீர் எத்தனை அடி என்று கேட்டுக்கொள்வோமே, அந்த மாதிரி. “இன்னும் நாலு விரக்கடை கீது” என்பார் அப்பா. ஏரி நிரம்பினால் ஊருக்குச் சந்தோஷம். இங்கே எலும்பைத் தொட்டால் மாவு அக்காவுக்கு வேலை போயிற்று.

டாக்டரிடம் சொன்னோம். “போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்க. பார்த்துட்டு, மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணலாம்” என்றார்.

போட்டோ என்றதும் எனக்குக் கை பரபரத்தது. ஆன்லைன் செமினாருக்கு என்று சொல்லி வாங்கிய வட்ட விளக்கு ஒன்று பிரிக்காமலேயே கிடந்தது. மாடிப்படியில் வெள்ளைப் பெட்ஷீட்டைத் தொங்கவிட்டேன். அளவு தெரிய ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்தேன். இணையத்தில் தோலைப் படம்பிடிப்பது எப்படி என்று ஒரு மணி நேரம் பார்த்து, குறிப்பெடுத்து, முக்காலியை மூன்று இடத்தில் வைத்துப் பார்த்துத் தயாரானேன்.

அத்தையும் தயாரானாள். தலைக்குக் குளித்தாள். ஈஸ்டருக்கு எடுத்த நீலப் புடவையைக் கட்டினாள். கையில் முட்டியிலிருந்து விரல் நுனிவரை தேங்காய் எண்ணெயை நன்றாகத் தேய்த்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, துணியால் ஒற்றிக்கொண்டு, கவரிங் வளையலோடு பெட்ஷீட்டுக்கு முன்னால் வந்து அமர்ந்தாள்.

“கை மட்டும்தான் அத்தை. மூஞ்சி வேணாம்.”

“கைய மட்டும் அனுப்புனா யாரு கைன்னு டாக்டரம்மாவுக்கு எப்டி தெரியும்? எத்தினி பேரு கைய பாப்பாங்க அவங்க? மூஞ்சையும் சேத்து புடி.”

முகத்தோடு ஒன்று, கையை மடித்து ஒன்று, நீட்டி ஒன்று. எண்ணெய் கொஞ்சம் பளபளத்ததால் விளக்கைச் சாய்த்துப் பளபளப்பைக் கொன்றேன். படம் பிரமாதம். உண்மையாகவே பிரமாதம். முகத்தோடு எடுத்ததை அப்பா உடனே தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். மதுராந்தகத்தில் அம்மா அதைச் சொந்தக்காரர் குழுவில் போட்டு, அத்தைக்கு எத்தனையோ வருஷம் கழித்து ஒரு மாப்பிள்ளை விசாரணைகூட வந்தது.

டாக்டரின் பதில் மாலையில் வந்தது. ‘நல்ல முன்னேற்றம். செதில் வெகுவாகக் குறைந்துள்ளது. களிம்பைத் தொடரவும். மாத்திரை இப்போது தேவையில்லை.’

அத்தை அதை என்னிடம் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள். “முன்னேத்தமா? எங்க முன்னேறிச்சி? கீய எறங்கிதான வந்துகினு கீது?”

“போட்டோ தெளிவா இல்லையோ என்னவோ” என்றேன். அடுத்த வாரம் இன்னும் அக்கறையாக எடுத்தேன். விளக்கே வேண்டாம் என்று காலை வெயிலில், மொட்டைமாடியில். அத்தையும் போன தடவை போதவில்லை போல என்று நினைத்து, முதல் நாளே ஒரு தடவை, காலையில் ஒரு தடவை என்று எண்ணெய் போட்டு, நாரால் மெதுவாகத் தேய்த்துக் கழுவி, மறுபடி எண்ணெய் போட்டுக்கொண்டு வந்தாள். கை, எண்ணெய்க் காப்பு முடிந்த சிலை மாதிரி மினுங்கியது.

டாக்டர் எழுதினார்: ‘மிக நன்று. களிம்பை இனி ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் போதும்.’

அன்று அத்தை அதைத் திரும்பப் படிக்கச் சொல்லவில்லை. கிரைண்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்து, ஊறிய உளுந்தைக் கையால் அளைந்துகொண்டே இருந்தாள். அப்பா வந்து குனிந்து பார்த்தார்.

“எவ்ளோ கீது?” என்றேன்.

“ஒரு விரக்கடை” என்றார். பிறகு, தங்கையின் காதில் விழக்கூடாது என்று நினைத்து, விழும்படியாகவே சொன்னார்: “அதுவும் என் விரலுக்குத்தான். உன் விரலுக்கு ரெண்டு வெச்சிக்கோ.”

“தமாசு பண்ணாதண்ணே” என்றாள் அத்தை திரும்பாமல். “திரும்பியும் எவன் மெஸ்ஸுலயாவது போயி சமையக்காரம்மான்னு கூப்ட்டா ஓடி நிக்கணும். இங்க ஒரு ஆறு மாசமாச்சும் அக்காவா இருந்துட்டு போறேன்னு பாத்தேன்.”

எனக்குப் பொறுக்கவில்லை. டாக்டரின் உதவியாளருக்குப் போன் செய்து, வீடியோவில் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தேன். வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு என்று நேரம் கொடுத்தார்கள். அத்தை அன்றைக்கு என்ன புடவை என்பதை உடனே முடிவு செய்துவிட்டாள்.

ஆனால் வியாழக்கிழமை காலை, நாஸ்தாகூட ஆகவில்லை, டாக்டரே வீடியோவில் கூப்பிட்டுவிட்டார். மதியம் வேறு வேலை வந்துவிட்டதாம். நான் எடுத்தேன். திரையில் முகக்கவசம், அதன் மேல் கண்ணாடி, அதன் மேல் பிளாஸ்டிக் தடுப்பு. டாக்டர் என்று அனுமானித்துக்கொண்டேன்.

“எங்கம்மா உங்க அத்தை?”

அத்தை நைட்டியில் இருந்தாள். தோளில் துண்டு, அள்ளிமுடிந்த தலை, கையில் துடைப்பம். போனில் டாக்டர் இருப்பதைக் கண்டதும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு அறைக்குள் பாய்ந்து திரைச்சீலையை இழுத்து மூடினாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

“ஐயையோ, சொல்லாம கொள்ளாம கூப்பிடறாங்களே! ஒரு நிமிசம் பேச்சு குட்துகினு இருடி. குளிச்சி, கைல எண்ண தேச்சினு வந்துடறேன்!”

டாக்டர் தலையைச் சாய்த்தார். “எண்ணெயா? எதுக்கு எண்ணெய்?”

“சும்மா டாக்டர், உங்களைப் பார்க்கறதுக்காக...” என்றேன். சொல்லும்போதே என் குரல் இறங்கிக்கொண்டு போனது எனக்குக் கேட்டது.

“ஒவ்வொரு தடவையும் தேய்ச்சுட்டுதான் போட்டோ எடுத்தீங்களா?”

திரைச்சீலை பதில் சொன்னது. “பின்ன இன்னா டாக்டரம்மா? உங்ககிட்ட காட்ட சொல்லோ வறவறன்னு சாம்பல் பூத்த கையோட வருவாங்களா? ஒரு மட்டு மரியாத வேணாம்?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிளாஸ்டிக் தடுப்புக்குள் அது எப்படிச் சாத்தியம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. அந்த வருஷம் யார் சிரிப்பதும் தெரியாது.

“அம்மா, எண்ணெய் பட்டா அந்த வெள்ளைச் செதில் கண்ணாடி மாதிரி ஆயிடும். கண்ணுக்கே தெரியாது. நான் அதை வச்சுத்தான் நோய் எவ்வளவு இருக்குன்னு பார்க்கறேன்.”

“கிளினிக்குக்கு வரச் சொல்லோவும் எண்ண தேச்சினுதான வருவேன்? அப்பல்லாம் தெரிஞ்சிதே!”

“அப்ப நீங்க கல்பாக்கத்துல பஸ் ஏறி, செங்கல்பட்டு வந்து, அரை நாள் உட்கார்ந்திருப்பீங்க. அதுக்குள்ள எண்ணெய் காஞ்சிடும். மீறி இருந்தாலும் நான் தொட்டுப் பார்ப்பேன், சுரண்டிப் பார்ப்பேன். போட்டோவை எப்படிம்மா சுரண்டறது?” என்றவர் என் பக்கம் திரும்பினார். “போட்டோ யாரு எடுத்தது?”

“நான்தான்.”

“ரொம்ப அழகா இருந்தது. இனிமே அவ்வளவு அழகா எடுக்காத.”

“சரி டாக்டர்.”

“இப்ப எண்ணெய் இல்லாத கையைக் காட்டச் சொல்லு.”

திரைச்சீலை ஆடியது, நின்றது, மறுபடி ஆடியது. நைட்டியோடு டாக்டர் முன்னால் வருவதில்லை என்று ஒரு கட்சி, இது மரியாதை பார்க்கும் நேரமில்லை என்று இன்னொரு கட்சி, இரண்டும் அத்தைக்குள்ளேயே நின்று வாதாடின போலிருக்கிறது. கடைசியில் சமரசம் ஆயிற்று. திரைச்சீலையின் ஓரம் விலகி, ஒரு கை மட்டும் தோள்வரை வெளியே வந்தது. பொம்மலாட்டத்தில் வருகிற மாதிரி. அது முன்னால் திரும்பியது, பின்னால் திரும்பியது, மடங்கி முட்டியைக் காட்டியது. எண்ணெய் காணாத கை. முட்டியிலிருந்து கீழே வரை வெளுத்து, சுண்ணாம்புச் சுவர் உரிவது போல் உரிந்துகொண்டிருந்தது. நானே அதைப் பகல் வெளிச்சத்தில் அப்படிப் பார்த்ததில்லை. நான் பார்த்ததெல்லாம் என் படங்களைத்தான்.

டாக்டர் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“மணிக்கட்டைக் காட்டுங்க” என்றார். கை திரும்பியது. எலும்பின் மேலேயே ஒரு சின்னத் திட்டு உட்கார்ந்திருந்தது. காலையில் அப்பா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்ததன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பிறகு டாக்டர் நிறையக் கேள்வி கேட்டார். சர்க்கரை இருக்கிறதா, இருமல் உண்டா, வீட்டில் யார் வெளியே போய் வருகிறார்கள். இந்த இடத்தில் அப்பா, தன்னைப் பற்றிய கேள்வி என்பதால், போனுக்குள் தலையை நுழைத்தார். நுழைத்ததோடு நிற்காமல் முகக்கவசத்தை இறக்கி, “டாக்டரம்மா, அப்டியே இந்த மூக்கையும் கொஞ்சம் பாத்துடுங்க. மாஸ்க் ஒரசி புண்ணாயிட்சி. தங்கச்சி டியூப்புதான் போட்டுனு கீறேன்” என்றார்.

“அந்தக் களிம்பை முகத்துல போடவே கூடாது! முதல்ல அதை நிறுத்துங்க. தோல் மெலிஞ்சு போயிடும்.”

“அண்ணே!” என்றது திரைச்சீலை. “அதான் டியூப்பு சீக்கிரம் தீந்துச்சா? எலி துன்னுதுன்னு நெனச்சேனே நானு!”

மூக்குக்கு வேறு மருந்து எழுதப்பட்டது. அப்புறம் டாக்டர் அத்தையிடம், அதாவது திரைச்சீலையிடம், நிதானமாகப் பேசினார். ஆரம்பத்தில் எல்லாருக்குமே பயமாக இருந்தது, இந்தக் கொரோனா என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் இப்படிப்பட்ட மாத்திரைகளைப் பலருக்கு நிறுத்தினோம் என்றார். இப்போது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறோம் என்றார். “உங்களுக்கு இது இப்படியே பரவினா அதுவும் ஆபத்துதான். ரத்தம் கொடுங்க, ரிப்போர்ட் சரியா இருந்தா ஆரம்பிப்போம். ஆனா காய்ச்சல், இருமல் எது வந்தாலும் அந்த வாரம் மாத்திரை போடாம எனக்குப் போன் பண்ணணும். பயமா இருந்தா இப்பவே சொல்லுங்க.”

“பயமாத்தான் கீது” என்றாள் அத்தை. “ஆனா இத்த பாத்தாலும் பயமா கீதே.”

“இன்னொண்ணு. மாத்திரை வேலை செய்ய மாசக் கணக்காகும். அதுக்குள்ள மாவு...”

“அத்த நான் பாத்துக்கறேன் டாக்டரம்மா” என்றாள் அத்தை, வெடுக்கென்று.

போன் அணைந்ததும் வெளியே வந்தாள். கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவி, தொட்டியைத் துடைத்து, பழைய புடவை ஒன்றை மடித்து மேலே போட்டு மூடினாள். அப்பா தடுக்கவில்லை. வாயைத் திறந்த என்னையும் கண்ணாலேயே நிறுத்தினார். பிறகு அத்தை ஒவ்வொரு வீடாகப் போன் செய்து, உடம்பு சரியில்லை, கொஞ்ச நாள் மாவு இல்லை என்றாள். கோயம்புத்தூர்க்கார அம்மாவிடம் மட்டும் சொரியாசிஸ் என்றே சொன்னாள். எதற்காக அவரிடம் மட்டும் என்று கேட்டேன். “இட்லி கல்லாட்டம் கீதுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன பொம்பள அவதான். அவகிட்ட பொய் சொல்ல முடியாது” என்றாள். அந்த அம்மா அந்தப் பக்கம் கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் மாமனாருக்கும் அதே நோய்தான், அவர்கூட உட்கார்ந்துதான் வீடே சாப்பிடுகிறது, எப்போது ஆரம்பிக்கிறாளோ அப்போது முதல் டப்பா தனக்கு என்றார்.

ரத்தம் கொடுக்க அத்தையை நான்தான் ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். வழியில் போலீஸ் நிறுத்தியபோது அத்தை டாக்டர் அனுப்பிய செய்தியைக் காட்டுவதற்குப் பதில் நேராகக் கையை நீட்டினாள். ரெண்டு பேர் ஒரு வண்டியில் ஏன் என்று கேட்க வந்தவர், ‘போம்மா போம்மா’ என்று வழிவிட்டார். “பாத்தியா, எண்ண தேக்காம வந்தா எவ்ளோ வசதி” என்று அத்தை பின்னாலிருந்து என் முதுகில் தட்டினாள்.

ரிப்போர்ட் சரியாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாத்திரை திரும்பி வந்தது. போனில் ஓடிய சர்ச் ஆராதனை முடிந்ததும் அத்தை அதைப் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு என் படங்கள் மிக அசிங்கமாக இருந்தன. ஜன்னல் வெளிச்சம், வெறும் கை, விளக்கு கிடையாது. அத்தை படம் எடுப்பதற்கு முதல் நாளிலிருந்தே கையில் எண்ணெய் படாமல் காத்து, தாளிக்கும்போதுகூட அடுப்புக்கு முன்னால் என்னை நிற்கவைத்து, ‘வறவறன்னுதான கீது? நல்லா தெரியுதா?’ என்று பெருமையாக நீட்டுவாள். டாக்டர் ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு வரிதான் எழுதுவார்: ‘பொறுத்திருக்கவும்.’ கோயம்புத்தூர்க்கார அம்மா ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: ‘எப்பங்க அக்கா?’ காத்திருப்பது எனக்கு வராத வித்தை. நடுவில் நானே மாவு அரைக்கிறேன் என்று கிளம்பினேன். அத்தை என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஐஸ்கட்டியாட்டம் கீது. இதுல மாவு பொங்காது, வெறச்சிப்போவும்” என்று அனுப்பிவிட்டாள்.

எலும்பின் மேல் இருந்த திட்டுதான் முதலில் போனது. பிறகு முன்னங்கையில் ஓரங்கள் சுருங்கின. ஒருநாள் காலையில் டாக்டரிடமிருந்து வேறு வரி வந்திருந்தது. ‘இப்போதுதான் உண்மையான முன்னேற்றம். இதே அளவு தொடரலாம்.’

அத்தை அதை நம்பவில்லை. முன்பும் முன்னேற்றம் என்று இரண்டு தடவை சொன்னவர்தானே. ஜன்னலுக்குப் போய்க் கையை வெளிச்சத்தில் நீட்டி, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்த்தாள். ஒன்றும் உதிரவில்லை. அப்பாவைக் கூப்பிடவில்லை, விரல் வைத்து அளக்கவும் இல்லை. கையைக் கழுவினாள், துடைத்தாள், மறுபடி கழுவினாள்.

“உளுந்து எங்கடி வெச்சே?”

“எதுக்கு அத்தை?”

“எதுக்கா? தலைக்கு தேச்சி குளிக்க. போயி எத்துனு வா. அப்டியே அணுபுரத்து அம்மாவுக்கு ஒரு போனு போடு, டப்பாவ கழுவி வெக்க சொல்லு.”

நான் போட்டேன். மணி அடிக்கத் தொடங்கும்போது அத்தை கிரைண்டரின் மேலிருந்த புடவையை உருவி, உதறி, தோளில் போட்டுக்கொண்டாள்.